இரண்டு விரல்

அந்தக் கல்லுக்குப் பெயர் வைக்கச் சொன்னார் ஓர்வில்.
திட்டும்போது கூப்பிட வசதியாக இருக்குமாம்.
ஈலியிலிருந்து தார்ச்சாலை இருபத்தொரு மைல்,
அப்புறம் மண் பாதை, நெவாடாவின் வறண்ட ஓடை ஒன்று,
அக்கரை ஏறுகிற இடத்தில் அது.
சனிக்கிழமைதோறும் தண்ணீர்த் தொட்டி ஏற்றி வருவேன்.
மூக்கு கரை ஏறும், வால் தாழும்,
பெட்ரோல் டாங்கின் அடித்தகட்டில்
டணங்.
பல்லின் வேர்வரை கேட்கும்.
வண்டியை நிறுத்தி, இறங்கி, மோந்து பார்த்துவிட்டு
மறுபடி ஏறுவேன்.

கடப்பாரையோடு மூன்று நாள் தோண்டினேன்.
முழம் போயிற்று, இடுப்பளவு போயிற்று,
கல் அகலமாகிக்கொண்டே போயிற்று.
நான்காம் நாள் புரிந்தது:
கல் இல்லை, மலை.
மூக்கை மட்டும் வெளியே நீட்டி மூச்சு விடுகிறது.
குழியை மூடிவிட்டு வந்தேன்.

ஆக, உயரவேண்டியது என் செரோக்கிதான்.
கடையில் சொன்ன விலைக்கு
இன்னொரு செரோக்கியே வாங்கலாம்.
காப்பி டப்பாவில் நூற்று அறுபது டாலர்,
மோட்டலில் படுக்கை விரிப்பு மடித்த பணம்.
விரலுக்குத் தகுந்த வீக்கம்.

இத்துரியாகாவின் பழைய வண்டிக் காட்டில்
உருண்டு நசுங்கிய பிக்கப் ஒன்று.
அதன் அடியில் மல்லாந்து கிடந்து
பட்டை வில் கழற்றவே ஒரு பகல்.
கூரை இருக்கையோடு ஒட்டிக்கிடந்தது.
வில் மட்டும் வளைவு குலையாமல்,
இன்னும் யாரோ ஏறப்போகிறார்கள் என்பதுபோல.
ஓட்டியது யார் என்று நான் கேட்கவில்லை.
முப்பது என்றார் இத்துரியாகா.
என் முழங்கையைப் பார்த்துவிட்டு
இருபத்தைந்து என்றார்.

ஓர்விலின் கொட்டகை. இரண்டு ஜாக்கி, ஒரு விளக்கு.
துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு மூன்று இரவு எண்ணெய் ஊட்டியும்
ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட் முறிந்தது.
ஓர்வில் தொப்பியைக் கழற்றினார், சாவு வீட்டில் நிற்பதுபோல.
அடுத்ததும் முறிந்தபோது
தொப்பி ஏற்கெனவே கையில் இருந்தது.

துளை போட்டோம். துளையிடும் ஊசி உடைந்தது,
அதற்குப் பதினொரு டாலர்.
பழைய வில்லின் அடியில் செத்த வண்டியின் வில்லைக் கோத்தோம்.
முன்பக்கச் சுருள்வில்லின் தலையில்
சும்மாடு வைத்தாற்போல் ஒரு கறுப்பு வளையம்.
பிரேக் குழாய் எட்டவில்லை.
தாங்கியை வளைத்து ஒரு அங்குலம் கடன் வாங்கினோம்.

ஜாக்கியை இறக்கினோம்.
பின்பக்கம் தூக்கி, மூக்குத் தாழ்ந்து
முட்ட வரும் காளைபோல் நின்றது வண்டி.
என் நாய் மோஸ் கதவருகே வந்து
இருக்கையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது,
உட்கார்ந்துவிட்டது.
ஐம்பது பவுண்டு நாய். இனி தினமும் நான்தான் தூக்கவேண்டும்.
இதைக் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

ஸ்டியரிங் பத்து மணிக்குத் திரும்பியிருக்கிறது,
வண்டி நேராகப் போகிறது.
சரிசெய்யலாம், அடுத்த சம்பளத்தில்.
காலி வண்டியில் ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பை எண்ணுகிறது.
தொட்டி நிரம்பியதும்
பின்பக்கம் மெல்ல அமர்ந்து
முதன்முறையாக வண்டி சமமாய் நின்றது.

சனிக்கிழமை, இருட்டும் நேரம்.
ஓடையில் இறங்கினேன், பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
பாதை தவறிவிட்டதோ என்று
பின்னால் எடுத்து மறுபடி ஏறினேன்.
மோஸும் காதை உயர்த்திக் காத்திருந்தது.

வால் கல்லுக்கு மேல் வந்ததும் நிறுத்தி
சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து
டார்ச்சோடு படுத்துப் பார்த்தேன்.
கல்லெல்லாம் வெள்ளிக் கீறல்கள்,
நான்கு வருடத்துச் சனிக்கிழமைகள்.
அதற்கும் தகட்டுக்கும் நடுவே
இரண்டு விரலை நுழைத்தேன். போயிற்று.
மூன்றாவது போகவில்லை.

எழுந்திருக்க மனமில்லாமல் கொஞ்சம் கிடந்தேன்.
தொட்டி மூடியைச் சரியாக இறுக்கவில்லை போலிருக்கிறது.
சொட்டுச் சொட்டாக
கல் நனைந்துகொண்டிருந்தது.